கடற்சட்டத்தில் விதித்தலும் வேண்டலும்

வினைமுற்றுக்களுள் வியங்கோள் என்பதொன்று உண்டு. ‘வாழ்க’, ‘வருக’, ‘செய்க’ என்பன அதன் உருவங்கள். ஏவல்வினை எதிரில் நிற்பானை நோக்கிச் ‘செய்’ என நேரே கட்டளையிடும். வியங்கோளோ வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்னும் பல பொருள்களில் வழங்கும். இவற்றுள் விதித்தலுக்கும் வேண்டலுக்கும் சொல்லுருவம் ஒன்றே. அரசன் ‘வரி செலுத்துக’ என்பானாயின் அது விதித்தல். இரவலன் ‘அரிசி தருக’ என்பானாயின் அது வேண்டல். உருவத்தைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயலாது. சொல்வோன் யாவன், கேளாதுவிடின் யாது நேரும் என்பவற்றை ஆராய்ந்தே பொருள் துணிதல் வேண்டும்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இதனைப் பயின்ற காலையில், தேர்வில் ஐந்து மதிப்பெண் பெறுதற்கன்றி வேறெதற்கும் இவ்வேறுபாடு உதவும் என யான் கருதியதில்லை. பின்னர், கப்பல்களின் பாதுகாப்பையும் கடலின் தூய்மையையும் குறித்து உலக நாடுகள் கூடி வகுத்த விதிகளைப் படிக்க நேர்ந்தபோது, அங்கும் இதே சிக்கல் இருத்தல் கண்டு வியப்படைந்தேன். அவ்விதிகளுட் சில விதித்தல், சில வேண்டல். இருவகையும் ஒரே மன்றத்தில் ஆராயப்பட்டு, ஏறக்குறைய ஒரே நடையில் எழுதப்பட்டு வெளிவருகின்றன. ஆயினும் முன்னதை மீறிய கப்பலைத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தலாம். பின்னதைப் பொருட்படுத்தாத கப்பலை எவரும் ஒன்றும் கேளார். வேண்டுகோளை மறுத்தல் எந்நாட்டிலும் குற்றமன்றே! பிளாஸ்டிக் குருணையைக் கப்பலில் ஏற்றிச் செல்லுதல் பற்றி 2024ஆம் ஆண்டில் வெளிவந்த விதி இத்தகைய வேண்டலே. அதனை விதித்தலாக மாற்றுதல் வேண்டும், அதுவும் காலந்தாழ்த்தாது மாற்றுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அக்குருணை யாது என்பதை முதற்கண் கூறுவேன். குடம், வாளி, பை, விளையாட்டுப்பொருள் என நாம் வழங்கும் பிளாஸ்டிக் பண்டங்கள் யாவும் உருவாவதற்குமுன் சிறு மணிகளாகவே இருக்கின்றன. பெருந்தொழிற்சாலையில் செய்யப்பட்ட அம்மணிகளைச் சாக்குகளில் கட்டி, சாக்குகளை இரும்புப் பெட்டகங்களில் அடுக்கி, கடல்வழியே நாடுதோறும் அனுப்புகின்றனர். மணியொன்று துவரம்பருப்பினும் பெரிதன்று. நிறம் பெரும்பாலும் வெள்ளை. நீரில் மிதக்கும் வகையே மிகுதி. மீனும் பறவையும் அதனை முட்டையென்றோ இரையென்றோ மயங்கி விழுங்கும். அஃது எளிதில் மக்குவதில்லை; அலையும் வெயிலும் அதனை மேலும் சிறிதாக்குமேயன்றி இல்லையாக்கா.

2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்திற்கு அணித்தே நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ என்னும் கப்பலில் 1,486 பெட்டகங்கள் இருந்தன. சிங்கப்பூர்க் கொடி தாங்கிய அக்கலம் பழுதுபட்ட பழங்கலமன்று. அவ்வாண்டிலேயே பணியில் இறங்கிய புத்தம் புதியது. அதன் பெட்டகங்களுள் 81 அபாயகரமான சரக்குகள் கொண்டவை. அவற்றில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலப் பெட்டகமொன்று கொழும்பை அடையுமுன்னரே கசியத் தொடங்கிற்று. கத்தார் நாட்டின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீரா துறைமுகத்திலும் அதனை இறக்கித் தருமாறு கேட்டதாகவும், அதற்குரிய வசதி இல்லையென்று இரண்டிடத்தும் மறுத்துவிட்டதாகவும் கப்பலை நடத்தியோர் கூறினர். கசியும் பெட்டகத்தைச் சுமந்துகொண்டே கப்பல் கொழும்புக்கு வந்தது. மே 20ஆம் நாள் தீ மூண்டது. 25ஆம் நாள் பெருவெடிப்பு நிகழ்ந்தது. கப்பலில் இருந்த 25 பேரும் உயிர்தப்பினர். பல நாள் எரிந்து கரியான கலத்தை ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முயன்றபொழுது, ஜூன் 2ஆம் நாள் அதன் பின்புறம் கடலடி மண்ணில் பதிந்துவிட்டது.

அமிலம் கடல்நீரில் கலந்து கரைந்தது. கரையாமல் கரை சேர்ந்ததோ குருணை. ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணை அக்கப்பலில் இருந்தது. நீர்கொழும்பு முதலாய மேல்கரையெங்கும் அது குவியல் குவியலாக ஒதுங்கிற்று. வெள்ளைக் குருணையோடு, தீயில் உருகிக் கறுத்துக் கட்டிபட்டனவும் மணலுட் புதைந்தன. ஆமைகளும் ஓங்கல்களும் செத்து மிதந்தன. மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. நாட்கூலிபோல் நாள்தோறும் கடலை நம்பி வாழும் பரதவர்க்குத் தடையென்பது அடுப்பெரியாமை அன்றி வேறென்ன?

ஈண்டு அன்பர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்குமாறு வேண்டுகிறேன். எண்பத்தொரு பெட்டகங்கள் அபாயகரமானவை என்று ஏட்டில் குறிக்கப்பட்டிருந்தன. அவ்வெண்ணிக்கையில் குருணைப் பெட்டகம் ஒன்றேனும் இல்லை. குருணை அபாயகரமான சரக்கு என்று எந்தப் பட்டியலும் கூறவில்லை. ஆதலின் அதனை மேல்தளத்தில் வைத்தாலும் அடித்தளத்தில் வைத்தாலும், தீப்பற்றும் பொருளுக்கு அருகில் வைத்தாலும் தொலைவில் வைத்தாலும், கேட்பாரில்லை. அரிசியும் குருணை, இதுவும் குருணை என்பதே கடற்சட்டத்தின் நோக்கு.

இதனினும் விந்தையான செய்தியொன்றுண்டு. கப்பல்களால் கடல் மாசுறாதபடி தடுக்க 1973ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 1978ஆம் ஆண்டில் திருத்தமுற்று, 1983ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது ‘மார்பால்’ என்னும் உடன்படிக்கை. அதன் இணைப்புக்கள் ஆறு. ஐந்தாம் இணைப்பு குப்பையைப் பற்றியது. எவ்வகைப் பிளாஸ்டிக்கையும் கப்பலிலிருந்து கடலில் எறிதல் கூடாது என்று அது 1988ஆம் ஆண்டின் இறுதிமுதல் தடுத்துவருகின்றது. மாலுமியொருவன் மிட்டாய் சுற்றிவந்த உறையைக் கடலில் வீசுவானாயின் அது சட்டப்படி குற்றம். மூன்றாம் இணைப்போ, கட்டுக்களாகச் செல்லும் தீங்குடைய சரக்குகளைப் பற்றியது. அவற்றை எவ்வாறு கட்டுவது, எவ்வாறு பெயரிட்டு ஒட்டுவது, எங்கே அடுக்குவது என்றெல்லாம் அது விதிக்கின்றது. ஆயின் குருணையை அது தீங்குடைய சரக்காகக் கொள்ளவில்லை. மாலுமியின் கையிலுள்ள உறை குப்பையாதலால் சட்டத்திற்கு அஞ்சவேண்டும். 1,680 டன் குருணையோ சரக்காதலால் சட்டத்திற்கு அஞ்சவேண்டுவதில்லை. பெயர் மாறியதால் பொருளின் இயல்பும் மாறிவிடுமோ? கடலுக்கும் கடலாமைக்கும் இவ்வேறுபாடு விளங்குமோ?

சட்டம் கண் திறப்பதற்குப் பிணம் விழவேண்டியிருத்தல் கடல்வரலாற்றில் புதிதன்று. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பல் சட்டத்தை மீறியது என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அக்காலத்துப் பிரிட்டிஷ் விதி 1894ஆம் ஆண்டினது. பதினாயிரம் டன்னும் அதற்கு மேலும் கொண்ட கப்பலுக்குப் பதினாறு உயிர்காப்புப் படகுகள் வேண்டும் என அது கூறிற்று. டைட்டானிக்கின் அளவு 46,000 டன்னுக்கு மேல். அதில் இருந்த படகுகள் இருபது. சட்டம் கேட்டதற்கு மேலும் நான்கு! அவ்விருபதிலும் இடம்பெறக்கூடியவர் 1,178 பேர். கப்பலில் இருந்தோர் 2,200 பேருக்கு மேல். இறந்தவர் ஏறத்தாழ 1,500 பேர். சட்டம் காணாத பெருங்கப்பல் வந்துவிட்டது. சட்டமோ பழைய அளவையே பற்றிக்கொண்டிருந்தது. அதன்பின் பதின்மூன்று நாட்டினர் இலண்டனில் கூடி, 1914ஆம் ஆண்டு சனவரியில் கடலில் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கையை முதன்முதலில் எழுதினர். ஒவ்வோர் உயிருக்கும் படகில் ஓரிடம் என்பது அதன் உயிர்நாடி. கவனியுங்கள்: ‘இயன்றவரை போதிய படகு வைத்தல் நலம்’ என்று அவர்கள் எழுதவில்லை.

வேண்டல் எவ்வளவு பயனற்றது என்பதற்கு இதனினும் பழைய சான்று ஒன்று உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கப்பல்முதலாளிகள் சிலர், பழங்கலங்களில் அளவிறந்த பாரத்தை ஏற்றி அனுப்பினர். கலம் கரை சேர்ந்தால் கூலி. மூழ்கினால் காப்புறுதிப் பணம். மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தனர். டார்பி நகரின் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் என்பவர் இக்கொடுமையை எதிர்த்துப் பல்லாண்டு போராடினார். 1875ஆம் ஆண்டில் மன்றத்தில் சினந்தெழுந்து உறுப்பினர் சிலரைக் கயவர் என இகழ்ந்தார். அதற்காகப் பின்னர் மன்னிப்பும் கேட்டார். மறுவருடம், 1876இல், சட்டம் வந்தது. கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு ஒன்று தீட்டப்படவேண்டும். அக்கோடு நீரில் மூழ்குமளவு பாரம் ஏற்றலாகாது. நல்ல சட்டமே! ஆனால் கோட்டை எவ்வுயரத்தில் தீட்டுவது என்பதை முதலாளியின் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை இதுதான். முதலாளியொருவர் அக்கோட்டைப் புகைபோக்கியின்மேல் தீட்டினார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. மெய்யோ பொய்யோ, சட்டம் அதனைத் தடுக்கவில்லை என்பது மெய். 1890ஆம் ஆண்டில்தான் கோட்டின் இடத்தைச் சட்டமே வரையறுத்தது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள் கோடு இருந்தது, காவல் இல்லை.

இனி, 2024ஆம் ஆண்டிற்கு வருவோம். கொழும்புக் கேட்டிற்குப்பின் இலங்கை அரசு இலண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பினிடம் முறையிட்டது. அவ்வமைப்பு 1948ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தோன்றி, 1958ஆம் ஆண்டுமுதல் செயற்பட்டு வருவது. மேலே கூறிய உடன்படிக்கைகளெல்லாம் இன்று அதன் பொறுப்பில் உள்ளன. அதன் குழு 2024ஆம் ஆண்டு மார்ச்சில் குருணை பற்றிய அறிவுரையொன்றை ஏற்று வெளியிட்டது. குருணையை நல்ல, வலிய கட்டுக்களில் கட்டுக. அது கொண்ட பெட்டகத்தைச் சரக்கு ஏட்டில் தெளிவாகக் குறிக்குக. இயன்றவிடத்துத் தளத்தின்கீழ் அடுக்குக. இயலாதாயின் மேல்தளத்தில் காப்பான உட்புறத்தில் வைக்குக என்பன அதன் சாரம். இவற்றுள் எதுவும் செய்தற்கரிய செயலன்று. புதுப்பொறி வேண்டுவதில்லை, புதுக்கப்பல் வேண்டுவதில்லை. பெட்டகத்தை எங்கே வைப்பது என்பது மட்டுமே வினா. இத்துணை எளிய நான்கு ‘செய்க’க்களும் வேண்டலாகவே விடப்பட்டன.

அதற்குப் பதினான்கு மாதங்கள் கழித்து, 2025ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், லைபீரியக் கொடி தாங்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கிற்று. மாலுமிகள் இருபத்துநால்வரும் மீட்கப்பட்டனர். 640 பெட்டகங்களோடு கலம் அடிசேர்ந்தது. அவற்றுள் அபாயகரமானவை என அறிவிக்கப்பட்டவை பதின்மூன்று. பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு. மறுபடியும் அதே கணக்கு: சில நாளில் கேரளக் கரையிலும் நம் குமரிமாவட்டக் கரையிலும் வந்து ஒதுங்கியது அப்பதின்மூன்றில் எண்ணப்படாத குருணை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அம்மணிகளை யானே கையில் அள்ளிப் பார்த்தேன். சாக்குக் கிழிந்து கொட்டிய சவ்வரிசி எனவே முதலில் எண்ணினேன். கரையிலிருந்த முதியவர் ஒருவர், “தம்பி, அதை வாயிலே போட்டுராதே” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அவர் கண்ணுக்கு ஏறவில்லை.

அக்கப்பலில் குருணைப் பெட்டகங்கள் 2024ஆம் ஆண்டின் அறிவுரைப்படி அடுக்கப்பட்டிருந்தனவா? இவ்வினாவே வேண்டலின் வலியின்மையைக் காட்டிவிடும். அவ்வாறு அடுக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ‘ஏன் செய்யவில்லை’ என்று அவ்வறிவுரையைக் காட்டி வழக்காட இயலாது. பிறநாட்டுக் கொடி தாங்கி வரும் கப்பலைத் துறைமுக அதிகாரிகள் ஏறிச் சோதிக்கும் முறையொன்று உண்டு. அதன்பொருட்டு ஐரோப்பிய நாடுகள் 1982ஆம் ஆண்டில் பாரிஸில் ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்துமாக்கடல் நாடுகளும் 1998ஆம் ஆண்டில் தமக்குள் ஒன்று செய்துகொண்டன. படகு குறைந்தால், தீயணைக்கும் கருவி பழுதுபட்டால், எண்ணெய் பிரிக்கும் பொறி இயங்காவிட்டால் அதிகாரி கப்பலை நிறுத்திவைக்கலாம். குருணை மேல்தளத்து ஓரத்தில் இருக்கக் கண்டால்? அறிவுரைத் தாளைக் காட்டலாம். மீகாமன் வணக்கத்தோடு வாங்கிப் படிக்கலாம். கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டுப் போகலாம்.

மறுபக்கத்தார் கூறுவனவற்றையும் மறைத்தல் நேர்மையன்று. குருணை நஞ்சன்று, வெடிப்பதன்று. அதனை அமிலத்தோடு ஒரே பட்டியலில் வைத்தால் கப்பற்கூலி ஏறும், குடத்தின் விலையும் ஏறும் என்பர். பட்டியல் நீளநீள மாலுமிக்கு எச்சரிக்கை மரத்துப்போகும் என்பாரும் உளர். இவ்விரண்டாம் கூற்றில் சிறிது உண்மையுண்டு. ஆனால் எண்ணெயும் வெடிப்பொருள் என்பதற்காகவா கடற்சட்டம் அதனைத் தடுத்தது? சிந்தினால் கடல் கெடும் என்பதற்காகவன்றோ! கூலி ஏறும் என்பது முதல் கூற்று. உயிர்காப்புப் படகுக்கும் செலவுண்டு. பாரக்கோட்டாலும் வருவாய் குறைந்தது. கூலியேறாமைக்காக மிஞ்சிய செலவு எங்கே போயிற்று என்று கேட்டால், அது நீர்கொழும்பிலும் குமரிக்கரையிலும் வலையை உலர்த்திவிட்டுக் கைகட்டி அமர்ந்திருந்தவன் தலையில் விழுந்தது.

அவனுக்கு ஈடு கிடைத்ததோ எனில், அதுவும் ஒரு விந்தைக் கணக்கே. கப்பலால் விளைந்த கேட்டிற்கு ஈடு, கேட்டின் அளவைக்கொண்டன்று, கப்பலின் டன் அளவைக்கொண்டு வரையறுக்கப்படுதல் கடல்வழக்கு. அவ்வழக்குப்படி 2023ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றம் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ உரிமையாளரின் பொறுப்பை ஏறத்தாழ 190 இலட்சம் பவுன் என வரம்பிட்டது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் நூறு கோடி டாலர் தருமாறு பணித்தது. இவ்விரு தொகைகளுக்கிடையே உள்ள தொலைவு ஒரு கடலளவு.

அறிவுரையே பின்னர்க் கட்டளையாகுமே, பொறுத்திருக்கலாகாதா என்று கேட்கலாம். இதுவே வலிய மறுப்பு. மெய்யே, அபாயகரமான சரக்குகளைப் பற்றிய உலகநெறியும் 1965ஆம் ஆண்டில் அறிவுரையாகவே பிறந்தது. அது கட்டளையானது 2004ஆம் ஆண்டில்! நாற்பதாண்டுக்கு ஓராண்டு குறைவு. புகலிடம் பற்றிய செய்தியும் இத்தகையதே. 2002ஆம் ஆண்டு நவம்பரில் எழுபதினாயிரம் டன்னுக்கு மேற்பட்ட எண்ணெயோடு விரிசல்கண்ட ‘பிரெஸ்டீஜ்’ என்னும் கப்பலுக்கு ஸ்பெயின் நாடு கரையோரத்தில் இடங்கொடாது அப்பால் விரட்டிற்று. கப்பல் இரண்டாக முறிந்து அதன் கரையையே கறுப்பாக்கிற்று. இடருற்ற கலத்திற்குப் புகலிடம் தருதல் பற்றி அடுத்த ஆண்டே நெறிமுறைகள் வந்தன. அவையும் வேண்டலே. கசியும் அமிலத்தோடு துறைமுகந்தோறும் கைந்நீட்டிய கப்பலின் கதையைப் பதினெட்டாண்டு கழித்துக் கொழும்புக் கடல் கண்டது.

கட்டளையாக்குதற்கு வழியில்லை என்று கூறவும் இயலாது. முன்னாளில் ஒரு திருத்தம் நடைமுறைக்கு வரவேண்டுமாயின் மூன்றில் இருபங்கு நாடுகள் வெளிப்படையாக ‘ஆம்’ எனல் வேண்டும். அவை வாய்திறவாமையால் திருத்தங்கள் கிடப்பிலேயே கிடந்தன. 1974ஆம் ஆண்டின் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை இம்முறையைத் தலைகீழாக்கிற்று. குறித்த நாளுக்குள் போதிய நாடுகள் ‘அன்று’ எனாவிடின் திருத்தம் தானே சட்டமாகும். மௌனம் சம்மதம் என்னும் நம் பாட்டிமார் வழக்கை உலக நாடுகள் சட்டமாக்கிக்கொண்டன என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியே. மார்பாலின் இணைப்புக்களுக்கும் இம்முறை உண்டு. குருணையை மூன்றாம் இணைப்பிற் சேர்க்கத் தடையாவது முறையன்று, மனமே. இலங்கை கேட்டுவிட்டது. 2025ஆம் ஆண்டில் தன் கரையிலும் அம்மணிகளைக் கண்ட இந்தியாவின் குரல், இலண்டன் மன்றத்தில் இலங்கையின் குரலோடு சேர்ந்து உரக்க ஒலித்தல் வேண்டும். ‘செய்தல் நலம்’ என்றன்று, ‘செய்யாவிடின் கப்பல் துறை நீங்காது’ என்று ஒலித்தல் வேண்டும்.

நீர்கொழும்புக்கு அணித்தான சரக்குவைக் கரையில், கப்பல் எரிந்து ஆண்டுகள் கழிந்தபின்னும், பெண்கள் மணலை அள்ளிச் சல்லடையில் இட்டுக் குருணையைப் பிரித்துக்கொண்டிருந்தனர். மணல் கீழே விழும். வெள்ளை மணிகள் மேலே தங்கும். ஒரு சாக்கு நிரம்பியதும் அடுத்த சாக்கு. அடுத்த அலை இன்னும் சிலவற்றைக் கொணர்ந்து போட்டுவிட்டுச் செல்லும்.